இரண்டு கண்களின் கணக்கு

கோ ஆட்டத்தின் விதிகளை ஒரு தாளின் ஒரே பக்கத்தில் எழுதி முடித்துவிடலாம். அந்தப் பக்கத்தில் 'கண்' என்ற சொல் வரவேண்டிய தேவையே இல்லை. 'உயிர்' என்ற சொல்லுக்கும் வேலை இல்லை. ஆனால் சீனாவிலோ கொரியாவிலோ ஜப்பானிலோ இந்த ஆட்டத்தை ஆடுகிறவர்கள் பலகையைப் பார்த்ததும் முதலில் கேட்பது இந்த இரண்டையும் பற்றித்தான். இந்தக் கற்குழு உயிரோடு இருக்கிறதா? அதற்குக் கண் உண்டா? விதியில் இல்லாத ஒன்று ஆட்டத்தின் உயிர்நாடி ஆனது எப்படி என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி.

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோ ஆட்டத்தில் உயிர் என்பது ஒரு விளைவு. ஆளுக்கு ஒரு முறை, முறைக்கு ஒரு கல் என்ற எளிய ஏற்பாட்டிலிருந்து அது பிறக்கிறது. அதனால் ஒரு குழுவைப் பார்த்த மாத்திரத்தில் அது வாழ்கிறது என்று சொல்லிவிட முடியாது. நிரூபித்துத்தான் சொல்ல வேண்டும். இந்த வேறுபாட்டைப் பல நூற்றாண்டுகளாகப் புதிர் நூல்கள் கற்பித்து வந்திருக்கின்றன. 1970களில் கணிதம் அதற்கு ஒரு துல்லியமான வடிவம் கொடுத்தது. நம் காலத்தின் மிக வலிய கணினி நிரல்கள் அதே இடத்தில்தான் சறுக்கி விழுந்தன.

மூச்சும் வெட்டும்

ஆட்டம் சீனாவில் பிறந்தது. கி.மு. 548ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லும்போது 'ஸுவோ சுவான்' என்ற பழைய வரலாற்று நூல் இதைக் குறிப்பிடுகிறது. கன்ஃபூசியஸின் உரைத்தொகுப்பிலும் மென்சியஸின் நூலிலும் இதைப் பற்றிய பேச்சு உண்டு. பிற்கால ஹான் காலக் கல்லறை ஒன்றில் கிடைத்த கல் பலகையில் 17 கோடுகள் குறுக்கும் 17 நெடுக்குமாக இருந்தன. இன்றைய பலகையில் 19க்கு 19. கோடுகள் வெட்டிக்கொள்ளும் 361 புள்ளிகளில் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறிக் கல் வைக்கின்றன. வைத்த கல் நகராது. கடைசியில் யார் அதிக இடத்தைத் தமதாக்கிக்கொண்டார்களோ அவருக்கு வெற்றி.

ஒரு கல்லை ஒட்டிக் கோட்டின் வழியே உள்ள வெற்றுப் புள்ளிகள் அதன் மூச்சு. பலகையின் நடுவில் நிற்கும் தனிக் கல்லுக்கு நான்கு மூச்சு, ஓரத்தில் மூன்று, மூலையில் இரண்டு. ஒரே நிறக் கற்கள் கோட்டின் வழியே தொட்டுக்கொண்டால் ஒரு தொடராகி, மூச்சைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு தொடரின் கடைசி மூச்சையும் எதிராளி அடைத்துவிட்டால் தொடர் முழுவதும் பலகையிலிருந்து எடுக்கப்படும். ஆடுபுலி ஆட்டத்தில் ஆடுகளால் அடைபட்ட புலி அசைய முடியாமல் அங்கேயே நிற்கும். இங்கே அடைபட்ட கல்லுக்குப் பலகையிலேயே இடமில்லை.

இன்னும் ஒரு விதி உண்டு. தனக்கு மூச்சே இல்லாத புள்ளியில் யாரும் கல் வைக்கக் கூடாது. ஆனால் அப்படி வைப்பதாலேயே எதிராளியின் தொடரை வெட்ட முடியுமானால் வைக்கலாம். வெட்டிய இடம் மூச்சாகிவிடும். கண் என்ற கருத்து முழுக்க இந்த விதிவிலக்கின் மேல்தான் நிற்கிறது.

ஏன் இரண்டு?

வெள்ளைத் தொடர் ஒன்று நடுவில் ஒரே ஒரு வெற்றுப் புள்ளியை வளைத்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியே கறுப்பு நாற்புறமும் சூழ்ந்திருக்கிறது. உள்ளே இருக்கும் அந்த வெற்றுப் புள்ளிதான் கண். வெள்ளைக்கு வெளியில் மூச்சு மிச்சம் இருக்கும் வரை கறுப்பு அந்தக் கண்ணுக்குள் கல் வைக்க முடியாது, வைத்த கல்லுக்கு மூச்சு இருக்காது. எனவே கறுப்பு பொறுமையாக வெளி மூச்சுகளை ஒவ்வொன்றாக அடைக்கும். எல்லாம் அடைபட்டதும் கண்ணே வெள்ளையின் கடைசி மூச்சு. இப்போது அங்கே கறுப்பு வைத்தால் அது வெட்டு. ஒரு கண் உள்ள குழு சாவைத் தள்ளிப்போடலாம், தவிர்க்க முடியாது.

அதே குழுவுக்குள் தனித்தனியே இரண்டு வெற்றுப் புள்ளிகள் இருந்தால் நிலைமை தலைகீழாகிறது. வெளி மூச்செல்லாம் அடைபட்ட பிறகும் இரண்டு மூச்சு மிச்சம். முதல் கண்ணில் கல் வைத்தால் வெள்ளைக்கு இன்னொரு கண்ணின் வழியே மூச்சு வருகிறது, ஆகவே கறுப்பின் கல்லே மூச்சில்லாமல் போகும். இரண்டாவது கண்ணிலும் இதே கதைதான். வெட்ட வேண்டுமானால் இரண்டையும் ஒரே நேரத்தில் அடைக்க வேண்டும். முறைக்கு ஒரு கல்தான் என்பதால் அது ஒருநாளும் நடக்காது.

தன் கல்லைத் தானே சாகடிக்கும் ஆட்டத்தைத் தடைசெய்வதால்தான் இரண்டு கண்ணுக்கு உயிர் கிடைக்கிறது என்று சிலர் நினைப்பதுண்டு. நியூசிலாந்து விதிகள் அந்தத் தடையை விட்டுவிட்டன. அங்கே தற்கொலை அனுமதி. அங்கும் இரண்டு கண் உள்ள குழு சாவதில்லை. கண்ணுக்குள் வைத்த ஒற்றைக் கல் வைத்தவுடனே மறைகிறது, ஒரு முறை வீணாகிறது, அவ்வளவே. ஆக உயிரைக் காப்பது அந்தத் தடை அல்ல, முறைக்கு ஒரு கல் என்ற ஏற்பாடே. ஒரே முறையில் இரண்டு கற்களைச் சேர்த்து வைக்கலாம் என்று விதியை மாற்றிப் பாருங்கள். அன்றைக்கு உயிர் வாழ மூன்று கண் தேவைப்படும். இரண்டு என்ற எண் முறைக்கு வைக்கும் கற்களைவிட எப்போதும் ஒன்று கூடுதலாக இருக்க வேண்டிய எண்.

இந்த உயிருக்கு ஒரு விலை உண்டு. தனித்து நின்று இரண்டு கண் பெற மூலையில் குறைந்தது 6 கற்கள் வேண்டும், ஓரத்தில் 8, நடுவில் 10. மூலையில் இரண்டு பக்கச் சுவரைப் பலகையே கட்டித் தருகிறது, ஓரத்தில் ஒரு பக்கம், நடுவில் எல்லாவற்றையும் நாமே கட்ட வேண்டும். ஆட்டத்தின் தொடக்கக் கற்கள் மூலைகளிலும், பிறகு ஓரங்களிலும், கடைசியாக நடுவிலும் விழுவதற்கு இந்த 6, 8, 10 கணக்கு ஒரு முக்கியக் காரணம்.

பொய்க்கண்

வெற்றுப் புள்ளியைச் சுற்றிச் சொந்தக் கற்கள் இருப்பதால் மட்டும் அது கண்ணாகிவிடாது. சுற்றி நிற்கும் கற்கள் ஒரே தொடராக இல்லாமல் துண்டுகளாக இருந்தால், எதிராளி ஒரு துண்டின் மூச்சை மட்டும் அடைத்துக்கொண்டே வரலாம். அந்தத் துண்டுக்குக் கடைசி மூச்சு மிஞ்சும்போது அதைக் காப்பாற்ற உரியவரே தம் கண்ணைத் தம் கல்லால் நிரப்ப வேண்டி வரும். நிரப்பாவிட்டால் துண்டு போகும், நிரப்பினால் கண் போகும். இதுதான் பொய்க்கண்.

மெய்யையும் பொய்யையும் பிரித்தறிய ஆட்டக்காரர்கள் மூலைவிட்டப் புள்ளிகளைப் பார்ப்பார்கள். நடுவில் உள்ள கண்ணுக்குச் சுற்றிலும் நான்கு மூலைவிட்டப் புள்ளிகள். அவற்றில் குறைந்தது மூன்று நம் கையில் இருக்க வேண்டும். ஓரத்தில் உள்ள கண்ணுக்கு இரண்டு உண்டு, இரண்டும் வேண்டும். மூலைக் கண்ணுக்கு ஒன்றே ஒன்று, அதை விடக்கூடாது. புதிதாகக் கற்கிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லித்தருகிறார்கள். பெரும்பாலான ஆட்டங்களில் இதுவே போதும்.

ஆனால் இந்தக் கணக்கு கண்ணின் அக்கம்பக்கத்தை மட்டுமே பார்க்கிறது. குழு நெடுந்தூரம் ஓடி, வட்டமாகச் சுற்றி வந்து தன்னைத் தானே தொட்டுக்கொண்டால் கதை மாறுகிறது. அப்படிப்பட்ட வளையத்தில் இரண்டு இடங்களில் பொய்க்கண் இருக்கலாம். ஒரு கண்ணின் இரு பக்கத் துண்டுகளும் அந்த இடத்தில் துண்டிக்கப்பட்டவையாகத் தெரிந்தாலும், வளையத்தின் மறுபக்கம் வழியே இன்னொரு கண்ணைத் தொடுகின்றன. ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு கண்ணின் மூச்சும் கிடைப்பதால் எதையும் வெட்ட முடியாது. இரட்டைத் தலை டிராகன் என்று பெயர் பெற்ற இந்த வடிவம் ஆட்டங்களில் அபூர்வமாகத்தான் வரும். ஆனாலும் இதன் பாடம் பெரியது: கண் மெய்யா பொய்யா என்பதைக் கண்ணருகே நின்று மட்டும் தீர்மானிக்க முடியாது.

வெற்றிடத்தின் வடிவம்

உண்மையான ஆட்டத்தில் யாரும் இரண்டு ஒற்றைப் புள்ளிகளைக் கட்டி வைத்துவிட்டு உட்காருவதில்லை. ஒரு குழு சற்றே பெரிய வெற்றிடத்தை வளைத்து நிற்கும்; எதிராளி தாக்கினால் அதை இரண்டாகப் பிரித்துக்கொள்ளும். பிரிக்க முடியுமா என்பதை அந்த இடத்தின் பரப்பும் வடிவமும் சேர்ந்தே முடிவுசெய்கின்றன.

மூன்று புள்ளிகள் வரிசையாக இருந்தால் நடுப்புள்ளிதான் உயிர்ப்புள்ளி. உரியவர் அங்கே வைத்தால் இரு பக்கமும் இரண்டு கண், எதிராளி முந்திக்கொண்டால் சாவு. வளைந்த மூன்றுக்கும் இதே நிலைதான். நான்கு புள்ளிகள் நேர்வரிசையானால் நடுவில் இரண்டு உயிர்ப்புள்ளிகள் கிடைக்கும். எதிராளி ஒன்றில் வைத்தால் உரியவர் மற்றொன்றில் வைப்பார், ஆகவே குழு வாழும். அதே நான்கு புள்ளிகள் சதுரமாக அமைந்தால் யாருடைய முறையானாலும் செத்ததுதான்; உரியவரே உள்ளே ஒரு கல் வைத்தாலும் வளைந்த மூன்று மிஞ்சும், எதிராளி அதன் நடுவில் வைப்பார். கூம்பு வடிவ நான்கு, சிலுவை வடிவ ஐந்து, பூப்போன்ற ஆறு ஆகியவற்றுக்கெல்லாம் ஒரே ஒரு உயிர்ப்புள்ளி. யார் முந்துகிறாரோ அவருடைய முடிவு. நான்கு நேராக நின்றால் உயிர், சதுரமாக நின்றால் சாவு. பரப்பு ஒன்றே என்றாலும் வடிவம் விதியை மாற்றுகிறது.

இதை வைத்து ஒரு பழமொழியைச் சோதித்துப் பார்க்கலாம். இரண்டாம் கோட்டில் ஆறு சாகும், எட்டு வாழும் என்பார்கள். ஓரத்தை ஒட்டிய கோட்டுக்கு அடுத்த கோட்டில் வெள்ளைக் கற்கள் வரிசையாக நிற்கின்றன. இரு முனைகளையும் கறுப்பு மறித்துவிட்டது. வெள்ளைக்கு மிச்சம் தன் கற்களுக்கும் ஓரத்துக்கும் இடையே உள்ள ஒரு வரிசைப் புள்ளிகள்தான்.

எட்டுக் கற்கள் என்றால் உள்ளே எட்டுப் புள்ளி. கறுப்பு ஒரு முனைக் கல்லின் அடியில் நுழைகிறது, வெள்ளை அடுத்த புள்ளியில் தடுக்கிறது. மறுமுனையிலும் அப்படியே. இரு முனைகளிலும் இரண்டிரண்டு புள்ளிகள் போக நடுவில் நான்கு புள்ளி நேர்வரிசை மிஞ்சுகிறது. கறுப்பே முதலில் ஆடியும் வெள்ளை வாழ்கிறது. ஆறு கற்கள் என்றால் வெள்ளையே முதலில் ஆடட்டும். அது ஒரு முனையைத் தன் கல்லால் மூடுகிறது, கறுப்பு மறுமுனையில் நுழைகிறது, வெள்ளை தடுக்கிறது. நடுவில் மூன்று புள்ளிதான் மிச்சம், முறையோ கறுப்புடையது. நடுப்புள்ளியில் ஒரு கல், கதை முடிந்தது. ஏழு என்றால்? கறுப்பு முந்தினால் மூன்று மிஞ்சும், சாவு. வெள்ளை முந்தினால் நான்கு மிஞ்சும், உயிர். பழமொழி ஏழைப் பற்றிப் பேசாமல் இருப்பதற்கு இதுவே காரணம். ஏழு கற்களின் உயிர் கற்களிடம் இல்லை, அடுத்த முறை யாருடையது என்பதில் இருக்கிறது.

சாகப்போகும் குழுவின் வெற்றிடமும் வீணல்ல. அருகருகே இருக்கும் இரு எதிர்க்குழுக்களில் எது முதலில் மூச்சுவிட முடியாமல் போகும் என்ற பந்தயத்தில் பெரிய கண் வியக்கத்தக்க நேரத்தை வாங்கித் தருகிறது. ஒரே பெரிய கண்ணுக்குள் மூன்று புள்ளி இருந்தால் மூன்று மூச்சு. நான்கு புள்ளி இருந்தால் ஐந்து, ஐந்துக்கு எட்டு, ஆறுக்குப் பன்னிரண்டு. நான்குக்கு ஐந்து எப்படி வந்தது? எதிராளி உள்ளே மூன்று கற்களை வைத்துத் தீர்க்கிறார். உரியவர் ஒரே கல்லால் மூன்றையும் வெட்டுகிறார். எதிராளி செலவிட்டது மூன்று முறை, உரியவர் செலவிட்டது ஒன்று. நிகர ஆதாயம் இரண்டு. இப்போது மூன்று புள்ளிக் கண் மிஞ்சுகிறது, அதற்கு மூன்று மூச்சு. ஆக ஐந்து. ஐந்து புள்ளிக்கு நான்கில் ஒன்று போக மூன்று, அதோடு ஐந்து, மொத்தம் எட்டு. ஆறு புள்ளிக்கு ஐந்தில் ஒன்று போக நான்கு, அதோடு எட்டு, மொத்தம் பன்னிரண்டு. தேர்ந்த ஆட்டக்காரர்கள் இந்த நான்கு எண்களை மனப்பாடமாக வைத்திருப்பார்கள்.

உயிருக்கும் சாவுக்கும் நடுவே

எல்லாக் குழுக்களும் இந்த இரண்டு பெட்டிகளில் அடங்குவதில்லை. செக்கி என்று ஜப்பானியர் அழைக்கும் நிலையில் இரு எதிர்க்குழுக்கள் ஒன்றையொன்று பின்னிக் கிடக்கும். எதற்கும் இரண்டு கண் இருக்காது, இடையில் இரண்டு பொது மூச்சு மட்டும் இருக்கும். முதலில் கைவைப்பவர் தன் மூச்சைத் தானே குறைத்துக்கொண்டு வெட்டுப்படுவார். ஆகவே இருவரும் தொடமாட்டார்கள். ஆட்டம் முடியும்வரை இரண்டுமே உயிரோடு நிற்கும். கண் இல்லாமலும் உயிர் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மறுவெட்டு இன்னொரு வகை. ஒரே ஒரு கல்லை மாறி மாறி வெட்டிக்கொண்டே போகக்கூடிய நிலை பலகையில் அடிக்கடி வரும். பலகை உடனே பழைய நிலைக்குத் திரும்பக் கூடாது என்று விதி தடுக்கிறது. எனவே வெட்டுப்பட்டவர் வேறோர் இடத்தில் எதிராளி பதில் சொல்லியே தீரவேண்டிய மிரட்டல் ஒன்றை வைத்துவிட்டுத் திரும்பி வந்து வெட்டுவார். ஒரு குழுவின் கண் இப்படிப்பட்ட மறுவெட்டைச் சார்ந்திருந்தால், அதன் உயிரைப் பலகையின் மறுகோடியில் உள்ள மிரட்டல்களின் எண்ணிக்கை முடிவுசெய்யும்.

மூலையில் வளைந்த நான்கு என்ற புகழ்பெற்ற வடிவம் இந்தச் சிக்கலை விதிநூல்வரை கொண்டுபோனது. அதில் மறுவெட்டைத் தொடங்கும் வாய்ப்பு தாக்குபவருக்கு மட்டுமே உண்டு; தற்காப்பவர் எதையும் தொட முடியாது. தாக்குபவர் ஆட்டத்தின் கடைசிவரை காத்திருந்து, எதிராளிக்கு இருக்கும் மிரட்டல் வாய்ப்புகளையெல்லாம் அடைத்துவிட்டு, பிறகு தொடங்கலாம். ஜப்பானிய விதிகள் முதன்முதலில் முறையாக எழுதப்பட்டது 1949இல். அப்போதே இந்த வடிவம் செத்ததென்று தீர்ப்பளிக்கப்பட்டது. 1989 திருத்தத்திலும் முடிவு அதுவே. சீன விதியில் தனித் தீர்ப்பு கிடையாது, ஆடிக் காட்ட வேண்டும். ஒரே வடிவத்தை ஒரு மரபு தீர்ப்பால் முடிக்கிறது, இன்னொரு மரபு ஆட்டத்தால் முடிக்கிறது. நிரூபணம் என்றால் என்ன என்ற பழைய கேள்விக்கு இரு மரபுகளும் தரும் இரண்டு மதிக்கத்தக்க விடைகளாகவே இவற்றைப் பார்க்கிறேன்.

புதிர் நூல்களின் மரபு

உயிர்-சாவுப் புதிர்கள் இந்த ஆட்டத்தின் பழைய இலக்கியங்களில் ஒன்று என்றே சொல்லலாம். யுவான் பேரரசுக் காலத்தில், 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், யான் தெஃபு, யான் தியென்ஜாங் ஆகிய இருவர் தொகுத்த 'ஷுவான்ஷுவான் சீஜிங்' இன்றும் ஆட்டக்காரர்கள் கையில் புழங்குகிறது. ஜப்பானில் தோக்குகாவா ஆட்சி ஹோனின்போ, இனோவே, யாசுயி, ஹயாஷி என்ற நான்கு கோ குடும்பங்களுக்கு ஆதரவு அளித்தது. இனோவே குடும்பத் தலைவர் தோசெட்சு இன்செக்கி 1713இல் தொகுத்த 'இகோ ஹட்சுயோரோன்' தம் குடும்ப மாணவர்களைப் பயிற்றுவிக்க எழுதப்பட்டு, நெடுங்காலம் வெளியார் கண்ணில் படாமல் காக்கப்பட்டது. அதன் 120ஆம் புதிர் உலகின் மிகக் கடினமான கோ புதிர்களில் ஒன்றாக இன்றும் ஆராயப்படுகிறது. ஹயாஷி கென்பியின் 'கோக்யோ ஷும்யோ' 1812இல் வந்தது.

இந்த நூல்கள் ஆட்டத்தைக் கற்பிக்கும் முறையில் எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு. பக்கத்தில் ஒரு மூலையின் படம் இருக்கும். கறுப்பு முதலில், வெள்ளையைக் கொல் என்பது போல ஒரு வரி இருக்கும். மாணவர் கல்லைத் தொடாமல் மனத்திலேயே எல்லாக் கிளைகளையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். விடை எங்கோ எதிர்பாராத இடத்தில் இருக்கும். மூலையிலிருந்து முதல் கோட்டில் இரண்டாவது புள்ளியில் விந்தைகள் நடக்கும் என்றே ஒரு பழமொழி உண்டு. பார்த்ததும் தோன்றும் விடையை நம்பாதே, எதிராளியின் மிகச் சிறந்த பதிலைக் கண்டுபிடித்து அதையும் மடக்கு என்பதுதான் ஒவ்வொரு பக்கமும் கற்பிக்கும் பாடம். கணிதத்தில் நிரூபணம் என்று நாம் சொல்வதும் இதையேதான்.

கணிதம் கொடுத்த வரையறை

டேவிட் பென்சன் என்ற கணினி அறிவியலாளர் 1976இல் வெளியிட்ட கட்டுரை உயிருக்கு ஒரு கறாரான வரையறை கொடுத்தது. எதிராளி எத்தனை கல் வேண்டுமானாலும் தொடர்ந்து வைக்கட்டும், உரியவர் ஒரு கல்கூட வைக்காமல் சும்மா இருக்கட்டும். அப்போதும் வெட்ட முடியாத கற்களே நிபந்தனையற்ற உயிர் பெற்றவை.

அதைக் கண்டுபிடிக்கும் வழியும் அழகானது. ஒரு நிறத்தின் தொடர்களையெல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். அவை வளைத்திருக்கும் பகுதிகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பகுதியின் வெற்றுப் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு தொடரைத் தொட்டுக்கொண்டிருந்தால், அந்தப் பகுதி அந்தத் தொடருக்கு உயிர்ப்பகுதி. இரண்டு உயிர்ப்பகுதி இல்லாத தொடரைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். நீக்கிய தொடர் சுவராக நின்ற பகுதிகளையும் நீக்குங்கள். இதனால் வேறு தொடர்கள் உயிர்ப்பகுதியை இழக்கலாம், அவற்றையும் நீக்குங்கள். நீக்க எதுவும் இல்லாதபோது நின்று பாருங்கள். மிஞ்சியவை எல்லாம் சாகாதவை.

இந்த முறை மூலைவிட்டப் புள்ளிகளை எண்ணுவதே இல்லை. எந்தத் தொடர் எந்தக் கண்ணைத் தொடுகிறது என்று மட்டுமே பார்க்கிறது. நடுப்பலகையில் இரண்டு கண் பெற 10 கற்கள் வேண்டும் என்று முன்பு சொன்னேன். அந்தப் பத்தைக் கிட்டத்தில் பாருங்கள். இரண்டு கண்களும் ஒன்றுக்கொன்று மூலைவிட்டமாக நிற்கும். பத்துக் கற்களும் ஒரே தொடர் அல்ல, ஐந்தைந்தாக இரண்டு தொடர்கள். அவை கோட்டின் வழியே ஒன்றையொன்று தொடவே இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் இரண்டு கண்களையும் தொடுகிறது. தொடாத இரண்டு தொடர்கள் கண்களைப் பகிர்ந்துகொண்டு சேர்ந்து வாழ்கின்றன. இரட்டைத் தலை டிராகன் வாழ்வதும் இதே காரணத்தால்தான். பழமொழிகள் விதிவிலக்காகச் சொன்னதைப் பென்சனின் வரையறை பொதுவிதிக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது.

அதன் எல்லையையும் சொல்ல வேண்டும். நான்கு புள்ளி நேர்வரிசை வாழ்கிறது என்று நாம் நம்புவது, தாக்கினால் உரியவர் சரியாகப் பதில் சொல்வார் என்ற நிபந்தனையோடு. பென்சனின் முறை அதை உயிர் என்று ஏற்காது. உண்மையான ஆட்டங்களில் பெரும்பாலான குழுக்கள் இப்படி நிபந்தனையோடுதான் வாழ்கின்றன. அவற்றை முடிவுசெய்யக் கிளை கிளையாகத் தேடுவதைத் தவிர வேறு வழியில்லை. பலகை பெரிதாகப் பெரிதாக அந்தத் தேடல் எவ்வளவு கொடியதாகும் என்பதை லிச்சென்ஸ்டைன், சிப்சர் இருவரும் 1980இலும், ராப்சன் 1983இலும் காட்டினார்கள். ஜப்பானிய மறுவெட்டு விதியோடு ஆடப்படும் பொதுவான கோ, அடுக்கு வேகத்தில் வளரும் காலத்தைக் கேட்கும் கணக்குகளிலேயே மிகக் கடினமான வகையைச் சேர்ந்தது என்று நிறுவியவர் ராப்சன். 19க்கு 19 பலகையில் விதிப்படி சாத்தியமான நிலைகளை ஜான் டிராம்ப் 2016இல் துல்லியமாக எண்ணி முடித்தார். அது 171 இலக்க எண்.

வளையத்தில் தடுக்கிய எந்திரம்

2016 மார்ச்சில் சியோலில் தொழில்முறை ஆட்டக்காரர் லீ செடோலை ஆல்ஃபாகோ என்ற கணினி நிரல் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றது. மறுஆண்டு அக்டோபரில் வந்த ஆல்ஃபாகோ ஜீரோவுக்கு மனித ஆட்டம் எதையும் காட்டவில்லை. விதிகளை மட்டும் கொடுத்தார்கள். தன்னோடு தானே ஆடி உயிர், சாவு, மறுவெட்டு, மூச்சுப் பந்தயம் எல்லாவற்றையும் அது கண்டுபிடித்தது. விதியில் இல்லாத கண், விதியிலிருந்து தானாகவே முளைக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய பரிசோதனையை யாரும் கற்பனை செய்திருக்க முடியாது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. இதே வழியில் பயின்ற, திறந்த மூலநிரலாக எல்லோருக்கும் கிடைக்கும் கடாகோ என்ற நிரல் மனிதருக்கு எட்டாத வலிமை கொண்டது. 2022 இறுதியில் ஆய்வாளர் குழு ஒன்று அதைத் தோற்கடிப்பதற்கென்றே இன்னொரு நிரலைப் பயிற்றுவித்தது. அது மனிதரைவிட வலிமையான அமைப்பில் ஓடிய கடாகோவை 97 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஆட்டங்களில் வென்றது. அந்தத் தாக்கும் நிரல் நன்றாக ஆடக்கூடியதல்ல. சாதாரண ஆட்டக்காரர்களிடமே தோற்கும். அதன் கையில் ஒரே ஒரு உத்திதான். தன் சிறு குழு ஒன்றைக் கடாகோ சுற்றி வளைக்கும்படி விடும். அப்போது கடாகோவின் கற்கள் ஒரு வளையமாகும். பிறகு அந்த வளையத்தை வெளியிலிருந்து மெதுவாகச் சூழும். வளையத்துக்கு இரண்டு கண் இல்லை, மூச்சு ஒவ்வொன்றாகக் குறைகிறது. மனிதர் யாரும் ஆபத்தை உணரும் கட்டத்திலும் கடாகோ தன் கற்கள் பத்திரமாக இருப்பதாகக் கருதி வேறிடத்தில் ஆடிக்கொண்டிருக்கும். வளையம் முழுவதும் வெட்டுப்படும்போதுதான் விழித்துக்கொள்ளும். 2023இல் ஒரு தேர்ந்த அமெச்சூர் ஆட்டக்காரர் இந்த உத்தியைக் கற்றுக்கொண்டு, ஆட்டத்தின்போது கணினி உதவி இல்லாமலே 15 ஆட்டங்களில் 14ஐ வென்று காட்டினார். 2024இல் வெளிவந்த தொடர் ஆய்வு மூன்று வகையான தற்காப்புகளைச் சோதித்தது. புதிதாகப் பயிற்றுவிக்கப்பட்ட தாக்குதல்களுக்கு முன் மூன்றும் நிற்கவில்லை.

வளையம் ஏன் எந்திரத்தை ஏமாற்றுகிறது? அதன் நரம்பு வலைப்பின்னல் அக்கம்பக்கத்துச் செய்திகளைக் கையோடு கை மாற்றிக் கடத்தி ஒரு குழுவின் நிலையை மதிப்பிடுகிறது. கிளைவிட்டு நீளும் குழுவில் இந்த வழி பிசகாது. வளையத்தில் ஒரே செய்தி இரண்டு பக்கமும் சுற்றி வந்து, ஒரு மூச்சு பலவாக எண்ணப்படலாம் என்பது ஆராய்ந்தவர்கள் முன்வைக்கும் ஒரு விளக்கம். மூலைவிட்டப் புள்ளிகளை எண்ணும் மனித வழக்கம் இரட்டைத் தலை டிராகன் முன் தவறுவதும் இந்த வகைப் பிசகுதான். அக்கம்பக்கத்தைப் பார்த்து முழுமையை ஊகிக்கும் எந்த முறைக்கும், தன்னைத் தானே சுற்றி வரும் வடிவம் கண்ணியாகிறது. மனிதர் வாழும் வளையத்தைச் செத்தது என்று பிழையாக நினைக்கலாம். எந்திரம் செத்துக்கொண்டிருக்கும் வளையத்தை வாழ்வது என்று பிழையாக நினைத்தது.

எந்திரத்தைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. கோடிக்கணக்கான நிலைகளைப் பார்த்துப் பெற்ற உணர்வும், ஒரு நிலையை நிரூபித்துப் பெற்ற அறிவும் வேறு வேறு என்பதை இந்தத் தோல்விகள் பலகையின் மேல் வைத்துக் காட்டின. பென்சனின் சிறிய முறை ஒரு ஆட்டத்தையும் வெல்லாது. ஆனால் அது உயிர் என்று சொன்னால் உயிர்தான். கடாகோவின் மதிப்பீடு ஏறக்குறைய எல்லா ஆட்டங்களையும் வெல்லும். ஆனால் அது உயிர் என்று சொல்வது ஒரு வலுவான கருத்து மட்டுமே. மருத்துவத்திலும் போக்குவரத்திலும் இத்தகைய கணிப்புகளிடம் முடிவுகளை ஒப்படைக்கத் தொடங்கியிருக்கும் காலத்தில், இந்த வேறுபாட்டை ஒரு பலகை ஆட்டம் இவ்வளவு தெளிவாகக் காட்டியிருப்பதை நாம் பொருட்படுத்த வேண்டும்.

இந்த ஆட்டத்தைக் கற்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவதும் இதிலிருந்து வருகிறது. 9க்கு 9 என்ற சிறு பலகையில் தொடங்குங்கள். வடிவங்களின் பெயர்களை மனப்பாடம் செய்வதற்கு முன், ஒவ்வொரு குழுவிடமும் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள். எதிராளி முதலில் ஆடினால் என்ன ஆகும்? நான் முதலில் ஆடினால் என்ன ஆகும்? இரண்டுக்கும் விடை ஒன்றே என்றால் அந்தக் குழுவின் கதை முடிந்துவிட்டது. அது உயிராயினும் சாவாயினும் அங்கே இன்னொரு கல் வைப்பது வீண். விடைகள் வேறுபட்டால் அங்கேதான் அடுத்த கல்லுக்கு வேலை இருக்கக்கூடும். விடையைக் கண்டுபிடிக்கும்போது எதிராளிக்கு மிகச் சிறந்த பதிலைக் கொடுங்கள், உங்களுக்கு வசதியான பதிலை அல்ல. அந்த நேர்மையோடு எண்ணிப் பார்த்த பிறகும் குழு நின்றால், அதை உயிர் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.